கீழ் வீடு காலியான கதை

சாவி என்கிட்டதான் சார் இருக்கு. வீட்டுக்காரர் கரூர்ல இருக்காரு. யாராவது பாக்க வந்தா காட்டுங்க பரணின்னு என்னை நம்பிக் குடுத்துட்டுப் போயிருக்காரு. காட்டுறேன். அதுக்கு முன்னாடி ஒண்ணு கேட்டுக்கிறேன். உங்களுக்குச் சத்தம் ஆகுமா ஆகாதா? இப்பவே சொல்லிடுங்க. குடிவந்த அப்புறம் மூஞ்சியைத் தூக்கிக்கிட்டுப் படியேறி வரக் கூடாது. ஏன்னா மேல குடியிருக்கிறது நாங்க. நாங்கன்னா இதோ, என் காலைக் கட்டிக்கிட்டு நிக்கிதே, இதுங்க.

ஆமா, ரெட்டைதான். அவன் துருவன், இவ மிதிலா. ரெண்டு வயசு முடிஞ்சிருச்சு. அடுத்து நீங்க கேக்கப் போறது எனக்குத் தெரியும். அம்மா எங்க? கேட்டுருங்க. எல்லாரும் அதைத்தான் கேக்குறாங்க. கீரைக்காரம்மா கேக்குது, ஆட்டோக்காரன் கேக்குறான், தடுப்பூசி போடப் போனா நர்ஸ் கேக்குது. அம்மா ரயில் ஓட்டுறா சார். டிக்கெட் குடுக்குற வேலை இல்ல. இன்ஜின்ல உக்காந்து ஓட்டுற வேலை. அசிஸ்டென்ட் லோகோ பைலட். இன்னைக்குச் சரக்கு வண்டியோட விழுப்புரம் போயிருக்கா. எப்ப திரும்புவான்னு அவளுக்கே தெரியாது. நான் டூவீலர் சர்வீஸ்ல சூப்பர்வைசரா இருந்தேன். ரெண்டு பேர்ல ஒருத்தர் வீட்டுல இருந்தாகணும்னு ஆச்சு. நான் இருக்கேன். முடிஞ்சது கதை. இதுல பரிதாபப்பட ஒண்ணும் இல்ல, பாராட்டவும் ஒண்ணும் இல்ல. டாக்டர் வீட்டு வாசல்ல உக்காந்திருக்கிற பொம்பளைங்க, "பரவால்லையே, அப்பாவே தூக்கிட்டு வந்திருக்காரே"ம்பாங்க. என்னமோ குரங்கு சைக்கிள் ஓட்டுற மாதிரி. பல்லைக் கடிச்சுக்குவேன்.

டேய், அதை வாயில வைக்காதே. துப்பு. துப்புடா.

எனக்கு யார் உதவியும் வேண்டாம் சார். எங்க அக்கா வந்து இருந்தாங்க கொஞ்ச நாளு. "நீ தலைக்கு ஊத்துற லட்சணமாடா இது, கண்ணுல சோப்பு போவுது பாரு"ன்னாங்க. அன்னிக்கு சாயந்திரமே பஸ் ஏத்திவிட்டுட்டேன். எனக்குத் தெரியும் என் புள்ளைங்களை. ஒண்ணுக்குச் சோறு ஊட்டினா இன்னொண்ணு ரசத்தைத் தலையில கவுத்துக்கும். ஒண்ணைக் கழுவிவிட்டுத் துடைக்கிறதுக்குள்ள இன்னொண்ணு ஹால் நடுவுல உக்காந்து காரியத்தை முடிச்சிருக்கும். ஒண்ணு தூங்கினா இன்னொண்ணு அது கண்ணுல விரலை விட்டு எழுப்பும். ஒரு வாய் காபி சூடாக் குடிச்சு எத்தனை நாளாச்சு தெரியுமா? சொல்லலையே நான். யார்கிட்டயாவது சொன்னேனா? நான் பாட்டுக்கு என் வேலையைப் பாத்துக்கிட்டு இருந்தேன். அந்தம்மாவாலதான் எல்லாம்.

ரெஜினாம்மா. கீழ குடியிருந்தவங்க. டெலிபோன் ஆபீஸ்ல ஆபரேட்டரா இருந்து ரிட்டையர் ஆனவங்க. கல்யாணம் காட்சி இல்ல, தனிக்கட்டை. காலம் பூரா காதுல ஹெட்போனை மாட்டிக்கிட்டு இருந்ததால, சின்னச் சத்தம்னாலும் மண்டைக்குள்ள போய் இடிக்குமாம். அதுக்கு நான் என்ன பண்றது?

நாங்க வந்தப்ப இதுங்க தவழ்ந்துக்கிட்டு இருந்துச்சுங்க. அப்ப சிரிச்ச முகமாத்தான் இருந்தாங்க. இதுங்க நடந்து, ஓட ஆரம்பிச்சதும் ஒரு நாள் படியேறி வந்தாங்க. கையில ஒரு கிண்ணத்துல பால்கோவா வேற. "தம்பி, தப்பா எடுத்துக்காதீங்க. மத்தியானத்துல மட்டும் பாயை விரிச்சு அதுமேல விளையாட விடுங்களேன். தலை வெடிச்சுடும் போல இருக்கு"ன்னாங்க.

தப்பா எடுத்துக்காதீங்கன்னு ஆரம்பிச்சாலே தப்பாத்தான் சார் சொல்லப் போறாங்கன்னு அர்த்தம். "குழந்தைன்னா ஓடத்தான் செய்யும். உங்களுக்கு என்ன தெரியும் புள்ளை வளக்குறதைப் பத்தி?"ன்னு நறுக்குனு கேட்டேன். எறங்கிப் போயிட்டாங்க. கிண்ணத்தை மட்டும் படியில வச்சுட்டுப் போனாங்க. அதை இதுங்க ரெண்டும் நக்கித் தின்னுச்சுங்க, அது வேற விஷயம்.

இன்னொண்ணும் சொல்லணும். எங்க வீட்டுல பகல்ல தூங்குற ஆள் இருக்கு. என் பொண்டாட்டி வினோதினி ராத்திரி டூட்டி முடிச்சுட்டு வந்து பகல்லதான் படுப்பா. அப்ப ஒரு சத்தம் கூடாது. அந்தம்மா மிக்ஸி போட்டா நான் எறங்கிப் போய் நிறுத்தச் சொல்லுவேன். ரேடியோவுல ஜெபம் வச்சா, குறைங்கம்மான்னு சொல்லுவேன். குறைப்பாங்க. குறைக்கணுமா இல்லையா? உழைச்சுட்டு வந்து படுத்திருக்கிற உடம்பு சார். அது வேற, இது வேற.

அப்புறம்தான் தட்ட ஆரம்பிச்சாங்க. ஒட்டடைக்குச்சி இருக்கும்ல, நீளமா? அதைத் திருப்பிப் பிடிச்சு, கீழேருந்து கூரையில டொக் டொக்குனு. இதுங்க ரெண்டும் அப்படியே நின்னுருச்சுங்க. ஒண்ணு மூஞ்சியை ஒண்ணு பாத்துச்சு. அப்புறம் ரெண்டு குதி குதிச்சுதுங்க. கீழேருந்து டொக் டொக். மறுபடி ஒரு குதி. மறுபடி ஒரு டொக். இதுங்க எத்தனை குதிச்சா அத்தனை தட்டு. கூடாது, குறையாது. என்ன ஒரு வன்மம் பாருங்க! கணக்கு வச்சுப் பழி தீக்குற மாதிரி.

இதுங்களுக்கு என்ன தெரியும்? பச்சை மண்ணு. சிரிச்சுதுங்க. தரையில காதை வச்சுப் படுத்துக்கிட்டுக் கெக்கேபிக்கேன்னு சிரிச்சுதுங்க. காலையில கண்ணு முழிச்சதும் நேரா அந்த இடத்துக்கு ஓடிப்போய்க் குதிக்கும். சோறு ஊட்டுறப்ப ஒரு வாய் வாங்கிட்டு ஓடிப்போய்க் குதிச்சுட்டு வரும். துருவன் இன்னும் திருத்தமா அப்பான்னு சொல்ல மாட்டான் சார். ப்பா, ப்பாம்பான். ஆனா 'டொக்கத்தை'ன்னு சுத்தமாச் சொல்லுவான். ஒரு எழுத்து பிசகாது. என் கையில சோறு தின்னுட்டு, என் தோள்ல மூத்திரம் பேஞ்சுட்டு, கீழ இருந்து குச்சியால குத்துற பொம்பளை பேரைச் சொல்லுதுங்க. எனக்கு எப்படி இருக்கும்?

நான் விடலை. தெப்பக்குளம் பக்கம் போய், நடந்தா கீக்கீன்னு கத்துமே அந்தச் செருப்பு, ஆளுக்கொரு ஜோடி வாங்கிட்டு வந்தேன். வெளியில போறதுக்கு இல்ல. வீட்டுக்குள்ளயே போட்டுவிட்டேன். வினோதினி டூட்டிக்குப் போயிட்டா போதும், மாட்டிவிட்டுடுவேன். நாள் பூரா கீக்கீ கீக்கீ. எனக்கே தலைவலி வந்துருச்சு. ஆனா விடலை.

அந்தம்மா என்ன பண்ணினாங்க தெரியுமா? மாடிப்படி கிட்ட என்னைப் பாத்து, "செருப்பு நல்லா இருக்கு தம்பி. எந்தப் பிள்ளை எந்த ரூம்ல நிக்குதுன்னு இப்ப எனக்கு நல்லாத் தெரியுது. பையனோடது கொஞ்சம் கட்டை சத்தம், பொண்ணோடது கீச்சு"ன்னாங்க. நக்கலைப் பாத்தீங்களா? சிரிச்சுக்கிட்டே சொன்னாங்க சார்.

அதைவிட இன்னொண்ணு. ஒரு நாள் காலையில கதவைத் தட்டுறாங்க. தொறந்தா, "தம்பி, பையன் எழுந்ததுலேருந்து ஒரு காலை ஊனாம நடக்குறான். என்னன்னு பாருங்க"ங்கிறாங்க. நான் பெத்த புள்ள, என் கண்ணு முன்னால நடக்குறான், அவன் காலை கீழ் வீட்டுல இருக்கிறவங்க எனக்குச் சொல்றாங்க! இதுக்குப் பேரு என்ன? வேவு. "எங்க வீட்டுல என்ன நடக்குதுன்னு ஒட்டுக் கேக்குறதுதான் உங்களுக்கு வேலையா?"ன்னு கேட்டுட்டு, படார்னு சாத்திட்டேன். சாத்திட்டுப் பாத்தேன். குதிகால்ல மரச் சிலாம்பு ஏறியிருந்துச்சுதான். எடுத்துட்டேன். சாயந்திரம் குளிப்பாட்டும்போது நானே பாத்திருப்பேன்ல? என்ன அவசரம் அந்தம்மாவுக்கு?

சரி, வாங்க. பாத்து எறங்குங்க, படி உடைஞ்சிருக்கு. மிதிலா, கையைப் பிடி. துருவனைத் தூக்கிக்கிறேன், இல்லன்னா கேட்டுக்கு ஓடிடுவான்.

அன்னைக்கு நடந்ததைச் சொல்றேன், நீங்களே நியாயம் சொல்லுங்க. சித்திரை மாசம், மண்டையைப் பொளக்குற வெயிலு. வினோதினி டூட்டியில. நான் பருப்பு வேகக் குக்கரை அடுப்புல வச்சுட்டு, துவைச்ச துணியைக் காயப்போட மொட்டை மாடிக்குப் போனேன். ரெண்டும் ஹால்ல பொம்மையை வச்சுக்கிட்டு உக்காந்திருந்துச்சுங்க. காலுல அந்தச் செருப்பு. துணியை உதறிப் போட்டுட்டு எறங்கி வந்தா, கதவு சாத்தியிருக்கு. தள்ளினா தொறக்கல. எங்க கதவு ரெட்டைக் கதவு சார், அடியில தரையில எறங்குற மாதிரி ஒரு தாழ்ப்பாள் உண்டு. அதைப் பிடிச்சு விளையாடி, அமுக்கி விட்டிருக்குதுங்க.

எனக்கு உயிரே இல்ல. ஜன்னல் பூரா கம்பி. உள்ள குக்கர் விசில் அடிக்குது. சமையலறைப் பக்கமிருந்து தர்ருனு ஒரு சத்தம். பிளாஸ்டிக் ஸ்டூலை இழுக்குதுங்க. அந்த ஸ்டூல்ல ஏறினா அடுப்பு எட்டும். எட்டும்னு எனக்குத் தெரியும், ஏற்கெனவே ஒரு தடவை துருவன் ஏறியிருக்கான்.

கத்தினேன். "டேய் துருவா! அடுப்பாண்ட போனே, தோலை உரிச்சுடுவேன்! மிதிலா, வாடி இங்க! வாடி!" கதவை உதைச்சேன். நான் உதைக்க உதைக்க, கத்தக் கத்த, அந்தச் செருப்புச் சத்தம் உள்ளதான் போவுது. கிட்டவே வரல. மிதிலா அழ ஆரம்பிச்சுட்டா. தெருவே கூடிருச்சு. ஒருத்தன் கடப்பாரை எடுக்க ஓடினான். ஒருத்தி 'அம்மா எங்க'ங்கிறா. அப்பவும் அதேதான்!

அந்த நேரத்துல சார், அந்த நேரத்துல, கீழேருந்து டொக் டொக்.

நம்புவீங்களா? புள்ளைங்க உள்ள மாட்டிக்கிட்டு இருக்கு. பெத்தவன் கதவுல மண்டையை முட்டிக்கிறான். ஊரே படியில நிக்குது. அப்பவும் தட்டுறாங்க. சமையலறைப் பக்கம் தட்டினாங்க. இதுங்க செருப்பு அங்கேருந்து நகந்துச்சு, கீக்கீ கீக்கீன்னு. விடலையே அந்தம்மா! ஹால் பக்கம் தட்டினாங்க. இதுங்க ஹாலுக்கு வந்துச்சுங்க. அங்கயும் தட்டு. நடு ஹால்ல தட்டு, டிவி பக்கம் தட்டு. புள்ளைங்களை ஒரு இடத்துல நிம்மதியா நிக்க விடலை சார். எங்க போனாலும் கூடவே தட்டுறாங்க. இதுங்க குதிக்குதுங்க, அவங்க தட்டுறாங்க. கடைசியில வாசக்கதவு வரைக்கும் தட்டிக்கிட்டே வந்துட்டாங்க.

நல்லவேளை, அதுக்குள்ள ரெண்டும் கதவுகிட்ட வந்துருச்சுங்க. சமயபுரத்தா புண்ணியம். கதவிடுக்கு வழியா மிதிலா விரல் தெரியுது. அழுகையெல்லாம் போய்ச் சிரிக்கிறா. நான் குப்புறப் படுத்துக்கிட்டு, "தங்கம், அந்தக் கம்பியைத் தூக்கு. அப்பா சொல்றேன்ல, மேல தூக்கு"ன்னேன். தூக்கிட்டா.

ரெண்டையும் சேத்து வாரி எடுத்தேன். உள்ள போய் அடுப்பை அணைச்சேன். ஸ்டூல் அடுப்பை ஒட்டினாப்ல நிக்குது. அதுமேல ஒரு பொம்மை. ஏறி இறங்கியிருக்கான்.

எனக்கு வந்துச்சு பாருங்க ஆத்திரம். நேரா கீழ எறங்கினேன். கதவு தொறந்துதான் இருந்துச்சு. அந்தம்மா தரையில உக்காந்திருக்காங்க, நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு மூச்சு வாங்குது. தலை பூரா சுண்ணாம்பு, கண்ணுல எல்லாம் காரைத் தூசி. குச்சி பக்கத்துல கெடக்குது. என்னைப் பாத்ததும், "தொறந்துட்டாங்களா தம்பி?"ன்னாங்க.

"மனுஷியா நீ?"ன்னு கேட்டேன். அம்மான்னு கூப்பிட்ட வாய்தான். அன்னைக்கு நீன்னுதான் வந்துச்சு. "புள்ளைங்க உள்ள சாகக் கெடக்குது, இப்பவும் குச்சியைத் தூக்கிட்டு நிக்கிறியே! உனக்கெல்லாம் ஏன் ஆண்டவன் ஒரு புள்ளை குடுக்கலைன்னு இப்பத்தான் தெரியுது"ன்னேன். தெருவே கேட்டுச்சு. கேக்கட்டும்னுதான் சொன்னேன்.

என்னையே பாத்துக்கிட்டு இருந்தாங்க. அப்புறம் சுவரைப் பிடிச்சு எந்திரிச்சு, கதவை மெதுவாச் சாத்திக்கிட்டாங்க. தப்பு இல்லாதவங்களா இருந்தா பேசுவாங்கல்ல? பேசலையே.

அந்த மாசமே காலி பண்ணிட்டாங்க. தங்கச்சி வீடு மணப்பாறையில இருக்காம், அங்க. போறப்ப வினோதினி அவங்க கையைப் பிடிச்சுக்கிட்டு அழறா. வண்டியில சாமானெல்லாம் இவதான் ஏத்திவிட்டா. எனக்குப் பொண்டாட்டியா அவங்களுக்குத் தங்கச்சியான்னு தெரியல. "எதுக்குடி அழறே, சனியன் ஒழிஞ்சுதுன்னு சந்தோஷப்படுவியா"ன்னேன். ஒரு பார்வை பாத்தா. அதுலேருந்து என்கிட்ட சரியாப் பேசுறதில்ல. வருவா, புள்ளைங்களைக் கொஞ்சுவா, படுப்பா, போவா. வேலை அலுப்பா இருக்கும்.

இருங்க, பூட்டு கொஞ்சம் முரண்டு பிடிக்கும். ம், தொறந்துருச்சு. செருப்பைக் கழட்ட வேண்டாம், பெருக்கவே இல்ல.

மேல எப்படியோ கீழயும் அப்படியேதான். இது ஹாலு, அது படுக்கை ரூம், அது சமையலறை. எங்க சமையலறைக்கு நேர் கீழ. தண்ணிக்குப் பஞ்சம் இல்ல. காத்து வரும். டேய் துருவா, மிதிலா, உள்ள போகாதீங்க, தூசி!

என்ன சார் மேலயே பாக்குறீங்க? ஓ, அதுவா. அதைத்தான் காட்டணும்னு இருந்தேன். வெள்ளை அடிச்சுக் குடுக்கச் சொல்லிக் கேளுங்க வீட்டுக்காரர்கிட்ட. கூரையை என்ன பண்ணி வச்சிருக்காங்க பாருங்க. இந்த மூலையில பொட்டுப் பொட்டா இருக்கே, இது தினம் தட்டினது. இது பழசு. அன்னைக்குத் தட்டினது அங்க இருக்கு. சமையலறையில, எங்க அடுப்புக்கு நேர் கீழ ஆரம்பிக்குது பாருங்க. வாங்க, இப்படியே வாங்க. நிலைப்படி தாண்டி இங்க. ஹாலுக்குக் குறுக்கால ஒரே கோடா வருது. ஒரு அடிக்கு ஒண்ணு. இங்க கொஞ்சம் திரும்புது. இதோ, வாசக்கதவு. இங்க காரையே பேந்திருக்கு. இங்கதான் ரொம்ப நேரம் நின்னு தட்டியிருக்காங்க. இதுக்கு நேர் மேலதான் எங்க வாசக்கதவு, அந்தத் தாழ்ப்பாள். இப்ப சொல்லுங்க. இது மனுஷங்க செய்யுற காரியமா?

என்ன?

இல்ல, திருப்பிச் சொல்லுங்க. என்ன சொன்னீங்க?

அடுப்புகிட்டேருந்து கதவுக்குக் கூட்டிட்டு வந்தாங்களா? யாரு?

நீங்களும் அதையே சொல்றீங்களே. வினோதினியும் இதையேதான் சொன்னா. இதே கோட்டைக் காட்டித்தான் சொன்னா. ரெண்டு பேரும் பேசி வச்சுக்கிட்டீங்களா? நீங்க அன்னைக்கு இங்க இருந்தீங்களா சார்? அவ இருந்தாளா? நான் இருந்தேன். கதவுக்கு அந்தப் பக்கம் நான்தான் நின்னேன். தொண்டை கிழியக் கத்தினது நான். ஒரு வாரம் குரலே வரலை எனக்கு. அதை யாரும் கேக்க மாட்டேங்கிறீங்க. பீ அள்ளுறது நானு, சளி உறிஞ்சு எடுக்கிறது நானு, காய்ச்சல்னா நெஞ்சுல போட்டுக்கிட்டு உக்காந்திருக்கிறது நானு. அவங்க குச்சியால நாலு தட்டுத் தட்டினாங்களாம், புள்ளைங்க அதுக்கு வந்துச்சாம்!

சிரிக்காதீங்க. சரி, சிரிக்கலை. பரிதாபமா வேற பாக்குறீங்க. அது அதைவிட மோசம்.

அப்பன் கூப்பிட்டேன், வந்துச்சுங்க. என் சத்தத்துக்குத்தான் வந்துச்சுங்க. அவ்வளவுதான் விஷயம். இதை நீங்க எங்க வேணும்னாலும் போய்ச் சொல்லிக்கோங்க.

வீடு பாத்தாச்சுல்ல? உங்களுக்குச் சரிப்படாது. கிளம்புங்க. வீட்டுக்காரர்கிட்ட நான் பேசிக்கிறேன். நான் பூட்டணும்.

துருவா, வா. மேல போலாம். மிதிலா, சமையலறையில என்ன பண்றே, வாடா தங்கம். அப்பா கூப்பிடுறேன்ல. துருவா. டேய், வாடா. அங்க யாரும் இல்லடா.

வருவாங்க சார். இன்னொரு தடவை கூப்பிட்டா வந்துடுவாங்க. நீங்க போங்க.